தலைவர்மீது புகார் கூறிக் கட்சியோடு முரண்படும் சட்டமன்ற உறுப்பினரின் பதவி என்ன ஆகும்?

கேள்வி: வண்டிப்பெரியாறு, தமிழ்வழிப் பள்ளி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வாசகசாலையில் சில வாரங்களாக ஒரே விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. ஒரு சட்டமன்ற உறுப்பினர், தம் கட்சியின் தலைவர் முறைகேடு செய்தார் என்று வெளிப்படையாகக் குற்றம் சாட்டி, அதன் காரணமாகவே கட்சியோடு முறித்துக்கொண்டால், அவருடைய பதவி நிலைக்குமா, நிலைப்பது முறையா என்பதே விவாதம். இதைத் தொடங்கி வைத்தது கேரளத்தின் நிலம்பூர்த் தொகுதி விவகாரம். இடதுசாரி முன்னணியின் ஆதரவோடு வென்ற பி.வி. அன்வர் 2024இல் காவல்துறை உயர் அதிகாரி ஒருவர் மீதும் முதலமைச்சரின் அரசியல் செயலாளர் மீதும் புகார்களை அடுக்கினார். அவர்களை முதலமைச்சரே காக்கிறார் என்று கூறி அந்த ஆண்டு செப்டம்பரில் முன்னணியோடு முறித்துக்கொண்டார். 2025 ஜனவரி 13 அன்று பதவியைத் துறந்தார். சட்டம் அவரை வெளியேற்றியது என்று வாசகசாலையில் ஒரு தரப்பினர் கூறுகிறார்கள். அவர் விரும்பியிருந்தால் தொடர்ந்திருக்கலாம் என்பது மறு தரப்பின் வாதம்.

எனக்கு இது வெறும் சட்டக் கேள்வி அன்று. பீர்மேடு, தேவிகுளம் பகுதிகளில் வாழும் நமக்கு நிலப் பட்டயம், தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களின் கூரை, மூடிக் கிடக்கும் தோட்டங்களில் உழைத்தவர்களுக்கு வர வேண்டிய நிலுவை என எதற்கும் திருவனந்தபுரத்தில் பேசக்கூடியவர் ஒருவர்தான் இருக்கிறார். 140 பேர் கொண்ட அவையில் நம் குறையைத் தமிழில் கேட்டுக்கொண்டு அதை மலையாளத்தில் எடுத்துரைக்கக்கூடியவர் அவர். அவர் தம் தலைமையைப் பகைத்துக்கொண்டால் நம் கோப்புகள் நகராது என்று தோட்டத்துப் பெரியவர்கள் அஞ்சுகிறார்கள். ஆகவே தலைவர் என்ன செய்திருந்தாலும் நம் உறுப்பினர் வாயைத் திறக்காமல் இருப்பதே நல்லது என்ற முடிவுக்கு அவர்கள் வந்துவிட்டார்கள். அந்த அச்சம் எனக்குப் புரிகிறது, ஆயினும் அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது, இதற்கு முன் இவ்வாறு முரண்பட்டவர்களுக்கு என்ன நேர்ந்தது, தொகுதி மக்களாகிய நாம் என்ன கேட்கலாம் என்பவற்றை அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன். எந்தக் கட்சியையும் புகழவோ இகழவோ இந்த இடத்தைப் பயன்படுத்த வேண்டாம்.

பதில்: குமுளி, வழக்கறிஞர்

டீச்சர், நிலம்பூரை முதலில் தனியே எடுத்து வைத்துவிடலாம். அன்வர் எந்தக் கட்சியின் சின்னத்திலும் வென்றவர் அல்லர், அவர் சுயேச்சை. கட்சித் தாவல் தடைச் சட்டம் என்று நாம் சொல்லும் அரசியல் சாசனத்தின் பத்தாவது அட்டவணைப்படி, சுயேச்சையாக வென்ற ஒருவர் தேர்தலுக்குப் பிறகு எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் பதவியை இழப்பார். அவர் திரிணமூல் காங்கிரஸின் மாநிலப் பொறுப்பை ஏற்கும் முடிவை எடுத்ததும் பதவியைத் துறந்ததற்கு இதுவே காரணம். முதலமைச்சரைக் குற்றம் சாட்டியதற்காக எந்தச் சட்டமும் அவரை வெளியேற்றவில்லை.

கட்சிச் சின்னத்தில் வென்றவர்களுக்கு 1985இல் 52ஆவது திருத்தத்தின் மூலம் வந்த விதிகள் இரண்டு. தாமாகக் கட்சி உறுப்பினர் நிலையைக் கைவிட்டால் பதவி போகும். கட்சிக் கொறடாவின் ஆணைக்கு மாறாக அவையில் வாக்களித்தாலோ வாக்களிக்காமல் ஒதுங்கினாலோ, 15 நாள்களுக்குள் கட்சி அதை மன்னிக்காத நிலையில், அப்போதும் பதவி போகும். இரண்டாவது விதியில் குழப்பம் குறைவு. சிக்கல் முழுவதும் முதல் விதியில்தான் இருக்கிறது, ஏனெனில் பதவி விலகல் கடிதம் கொடுக்காவிட்டாலும் ஒருவருடைய நடத்தையிலிருந்தே அவர் கட்சியைக் கைவிட்டார் என்று முடிவு செய்யலாம் என 1994இல் ரவி நாயக் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அப்படியானால் தலைவரைக் குற்றம் சாட்டுவதும் அத்தகைய நடத்தைதானா?

இதற்கு நேரடியான விடை கர்நாடகத்திலிருந்து வந்தது. 2010 அக்டோபர் 6 அன்று பா.ஜ.க. உறுப்பினர்கள் சிலர், எடியூரப்பா தலைமையிலான அரசில் ஊழலும் உறவினர் சலுகையும் மலிந்துவிட்டன என்று ஆளுநருக்குக் கடிதம் கொடுத்து, அந்த அரசுக்கான தம் ஆதரவை விலக்கிக்கொண்டார்கள். நம்பிக்கை வாக்கெடுப்புக்கு முந்தைய நாளான அக்டோபர் 10 அன்று அவர்களுள் 11 பேரைப் பேரவைத் தலைவர் போபையா தகுதிநீக்கம் செய்தார். 2011 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியது. போதிய அவகாசம் தராமல் அவசரமாக எடுத்த முடிவு என்பது ஒரு காரணம். முதலமைச்சரை ஏற்க மறுப்பதால் மட்டுமே ஒருவர் கட்சியைக் கைவிட்டவர் ஆகிவிடமாட்டார் என்பது மற்றொரு காரணம். வேறொருவர் தலைமையில் அதே கட்சியின் அரசு அமைந்தால் ஆதரிப்போம் என்றே அவர்கள் சொல்லியிருந்தார்கள்.

ஆனால் நம் எல்லைக்கு அப்பால் நடந்ததையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அது வேறுவிதமாக முடிந்தது. 2017 ஆகஸ்ட் 22 அன்று அ.தி.மு.க. உறுப்பினர்கள் ஆளுநரைச் சந்தித்து, முதலமைச்சர் பழனிசாமி மீது நம்பிக்கை இல்லை என்று தனித்தனியே கடிதம் கொடுத்தார்கள். செப்டம்பர் 18 அன்று அவர்களுள் 18 பேரைப் பேரவைத் தலைவர் தனபால் தகுதிநீக்கம் செய்தார். அவர்களும் கர்நாடகத் தீர்ப்பைத்தான் நம்பியிருந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் 2018 ஜூனில் மாறுபட்ட தீர்ப்புகளை அளித்தார்கள். மூன்றாவது நீதிபதி அக்டோபர் 25 அன்று பேரவைத் தலைவரின் ஆணை செல்லும் என்றார். ஏறக்குறைய ஒரே வகையான கடிதம் ஒரு மாநிலத்தில் பதவியைக் காத்தது, மற்றொன்றில் காக்கவில்லை. பேரவைத் தலைவரின் முடிவில் நீதிமன்றம் எவ்வளவு தூரம் தலையிடலாம் என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் 1992ஆம் ஆண்டு கிஹோட்டோ ஹொல்லோஹன் தீர்ப்பு ஓர் எல்லை வகுத்திருக்கிறது; அந்த எல்லைக்குள் எந்த நீதிபதி எங்கே நிற்பார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

கேரளத்தில் நடந்தது பூஞ்ஞார்த் தொகுதி விவகாரம். மதுக்கூட உரிமையாளர்களிடம் நிதியமைச்சர் கே.எம். மாணி பணம் பெற்றார் என்ற குற்றச்சாட்டு 2014இல் எழுந்தபோது, அவருடைய கட்சியைச் சேர்ந்தவரும் அரசின் தலைமைக் கொறடாவுமான பி.சி. ஜார்ஜ் அவருக்கு எதிராகப் பேசத் தொடங்கினார். பேசிய காலம் முழுவதும் அவர் உறுப்பினராகவே இருந்தார். கொறடா பதவிதான் 2015 ஏப்ரலில் போயிற்று. பின்னர் அருவிக்கரை இடைத்தேர்தலில் தம் அணியின் வேட்பாளருக்கு எதிராக நின்றவருக்கு அவர் ஆதரவு தேடினார் என்பதே தகுதிநீக்கக் கோரிக்கைக்கு அடிப்படை ஆயிற்று. 2015 நவம்பர் 12 அன்று அவர் விலகல் கடிதம் கொடுத்தார், மறுநாள் பேரவைத் தலைவர் சக்தன் அவரைத் தகுதிநீக்கம் செய்தார். அந்த ஆணையை 2016இல் உயர் நீதிமன்றம் நீக்கியது.

இவற்றைச் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தெரிவது இது: ஓர் உறுப்பினர் என்ன பேசினார் என்பதைவிட, பேசிவிட்டு யாருக்கு அருகில் போய் நின்றார் என்பதையே சட்டம் கவனிக்கிறது. கட்சிக்குள் நின்று விசாரணை கேட்பவர், அவையில் கொறடாவின் ஆணைப்படி வாக்களிப்பவர், வேறு வேட்பாளருக்காகப் பேசாதவர் பதவி இழக்கச் சட்டத்தில் இடமில்லை. கட்சியே அவரை நீக்கினாலும், அவர் அந்தக் கட்சியின் உறுப்பினராகவே கருதப்படுவார் என்று 1996இல் விஸ்வநாதன் வழக்கில் தீர்ப்பு வந்தது. வேறு கட்சியில் சேர்ந்தால்தான் பதவி போகும். இந்த நிலைப்பாடு சரியா என்பதை 2010இல் அமர் சிங் வழக்கின்போது பெரிய அமர்வுக்கு அனுப்பினார்கள். முன்பு மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால் விலக்கு உண்டு. 2003இல் 91ஆவது திருத்தம் அதை நீக்கியது. இன்று மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்து வேறு கட்சியோடு இணைந்தால் சட்டம் காக்கிறது. தனியொருவராக மனச்சான்றின்படி நடப்பவருக்கு அத்தகைய காப்பு எதுவும் இல்லை. இது இந்தச் சட்டத்தின் பெரிய குறை என்று நான் கருதுகிறேன்.

பதில்: மூணாறு, ஓய்வுபெற்ற தொழிற்சங்க ஊழியர்

வழக்கறிஞர் ஐயா 1985க்குப் பிந்தையதை எழுதிவிட்டார். இதே கேள்வி கேரளத்தில் அதற்கு முன்பே ஓர் அரசைக் கவிழ்த்தது என்பதை இளையவர்கள் அறிய வேண்டும்.

1963 டிசம்பரில் உள்துறை அமைச்சர் பி.டி. சாக்கோ சென்ற கார் திருச்சூரில் விபத்துக்குள்ளானது. காரில் ஒரு பெண்ணும் இருந்தார் என்ற பேச்சு எழுந்து, விபத்தைக் காட்டிலும் அதுவே பெரிதாகியது. எதிர்க்கட்சிகள் விலகச் சொன்னதில் வியப்பில்லை. ஆனால் காங்கிரஸிலிருந்தே ஒருவர் எழுந்தார். மாடாயித் தொகுதி உறுப்பினர் பிரகலாதன் கோபாலன், தம் கட்சியின் அமைச்சர் விலக வேண்டும் என்று உண்ணாவிரதம் இருந்தார். அன்று கட்சித் தாவல் தடைச் சட்டம் கிடையாது. அவருடைய பதவிக்குச் சட்டத்தால் ஆபத்து இல்லை. கட்சிக்குள் அவர் சுமக்க நேர்ந்த பகை வேறு. சாக்கோ 1964 பிப்ரவரியில் பதவி விலகி, அதே ஆண்டில் காலமானார்.

அதன் பிறகு நடந்ததைத்தான் நான் வாசகசாலை நண்பர்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சாக்கோவை முதலமைச்சர் ஆர். சங்கரும் கட்சித் தலைமையும் கைவிட்டுவிட்டார்கள் என்று சினம் கொண்ட காங்கிரஸ் உறுப்பினர்கள் 15 பேர் கே.எம். ஜார்ஜ் தலைமையில் பிரிந்தார்கள். செப்டம்பர் 8 அன்று நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் சங்கர் அரசு வீழ்ந்தது. அக்டோபர் 9 அன்று கோட்டயத்தில் கேரள காங்கிரஸ் பிறந்தது. நம் மலைப்பகுதிக்குக் குடியேறிய விவசாயிகளின் கட்சியாக அது பின்னர் வளர்ந்தது. ஒரே குற்றச்சாட்டு இரண்டு வகையான முறிவை உண்டாக்கியதைக் கவனியுங்கள். குற்றம் சாட்டி எழுந்தவர் ஒருவர். குற்றம் சாட்டப்பட்டவருக்கு நீதி கிடைக்கவில்லை என்று எழுந்தவர்கள் 15 பேர். இரு தரப்பினரும் தம் மனச்சான்றையே காரணம் காட்டினார்கள். இவர்களுள் யார் நேர்மையானவர் என்பதைத் தீர்க்க அன்று எந்த அமைப்பும் முன்வரவில்லை. எண்ணிக்கையே அதைத் தீர்த்தது. 1965 தேர்தலில் புதிய கட்சி 23 இடங்களைப் பெற்றது. ஆயினும் எவருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை, அந்தப் பேரவை ஒருநாள்கூடக் கூடவில்லை. 1967 வரை இந்த மாநிலத்து மக்களுக்குப் பேசுவதற்கு ஓர் அவையே இல்லாமல் போயிற்று.

இதை நினைவில் வைத்துப் பார்க்கும்போது, கட்சித் தாவல் தடைச் சட்டமே தேவையில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. தோட்டத் தொழிலாளியின் கூலிக்காகப் பேச வேண்டிய உறுப்பினர் எவருடைய பணத்துக்காகவும் அணி மாறாமல் இருக்க ஒரு தடை வேண்டும். நேர்மையான புகாருக்கும் விலைபோன தாவலுக்கும் வேறுபாடு காணத் தெரியாத தடையாக அது இருப்பதுதான் என் வருத்தம்.

பதில்: கம்பம்மெட்டு, ஏலக்காய் வணிகர்

எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. மக்கள் சின்னத்தைப் பார்த்துத்தான் வாக்களிக்கிறார்கள். அந்தச் சின்னத்தின் தலைவரோடு இனி நிற்க இயலாது என்று ஒருவர் முடிவெடுத்தால், அவர் பதவியை விட்டுவிட்டு மீண்டும் மக்களிடம் வருவதே முறை. இது ஒழுக்கம் பற்றிய பேச்சு மட்டும் அன்று, தொகுதியின் நலமும் இதில்தான் இருக்கிறது. ஓர் இடம் காலியானால் ஆறு மாதங்களுக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும் என்பது சட்டம். அன்வர் ஜனவரியில் விலகினார், ஜூன் 19 அன்று நிலம்பூர் வாக்களித்தது. அவரே சுயேச்சையாக நின்றார். மக்கள் காங்கிரஸ் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜார்ஜும் 2016 பொதுத் தேர்தலில் எந்த அணியின் துணையும் இல்லாமல் பூஞ்ஞாரில் நின்று வென்றார். இரண்டுமே மக்கள் அளித்த தீர்ப்புகள்.

இதோடு எங்களுக்கு அருகிலுள்ள தேனி மாவட்டத்தை ஒப்பிடுங்கள். தகுதிநீக்கம் செய்யப்பட்ட 18 பேரின் தொகுதிகளில் ஆண்டிபட்டியும் பெரியகுளமும் அடங்கும். 2017 செப்டம்பரில் காலியான அந்த இடங்களுக்கு வழக்கு முடிந்து, இடைத்தேர்தல் நடந்து, புதியவர்கள் வந்தது 2019 மே மாதத்தில். ஏறத்தாழ 20 மாதங்கள் அந்த மக்களின் சார்பில் பேரவையில் ஒருவரும் இல்லை. கேள்வி கேட்ட அம்மா அஞ்சுவது இதற்குத்தான் என்றால், விலகிவிட்டுத் தேர்தலைச் சந்திப்பவரே அந்த அச்சத்தைக் குறைவாகத் தருகிறார்.

பதில்: குமுளி, வழக்கறிஞர்

வணிகர் ஐயாவின் வாதத்தில் காலக் கணக்கு வலுவானது. தகுதிநீக்க மனுக்களை மூன்று மாதங்களுக்குள் முடிக்க வேண்டும் என்று 2020இல் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியும் பல மாநிலங்களில் அவை ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன என்பதால், அவருடைய கவலையை நான் முழுமையாக ஏற்கிறேன்.

ஆனால் விலகுவதால் இழப்பது ஒன்று உண்டு. அவைக்குள் ஓர் உறுப்பினர் பேசியதற்காக எந்த நீதிமன்றத்திலும் அவர் மீது வழக்குத் தொடர முடியாது. அரசியல் சாசனத்தின் 194ஆவது பிரிவு அவரைக் காக்கிறது. பேரவைத் தலைவருக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு, ஆவணங்களோடு அவர் குற்றச்சாட்டை அவைக் குறிப்பில் பதியச் செய்யலாம், அமைச்சரிடம் எழுத்தில் விடை கேட்கலாம். பதவியை விட்ட மறுநாள் அதே சொற்களை நாற்சந்தியில் கூட்டம் போட்டுப் பேசினால், அவதூறு வழக்குக்கு அவர் அலைய நேரும். விலகல்தான் புகாருக்குரிய விலை என்று நாம் விதித்துவிட்டால், குற்றம் சாட்டப்பட்ட தலைவர் எதை விரும்புவாரோ அதையே அவருக்குத் தந்துவிடுகிறோம்.

பதில்: கொழிஞ்சாம்பாறை, முன்னாள் ஊராட்சி உறுப்பினர்

இதுவரை எழுதிய மூவரும் பதவியைப் பற்றியே பேசியிருக்கிறீர்கள். புகாரைக் கொடுத்தவர் என்ன ஆனார் என்பதை எவரும் கேட்கவில்லை. ஊராட்சியில் இருந்த காலத்தில் நான் கண்டது இதுதான்: ஒரு தலைவரின் நடத்தை பற்றி ஒரு பெண் சொன்ன உடனே, அதை யார் பயன்படுத்திக்கொள்வார்கள், யாருடைய நாற்காலி ஆடும் என்ற கணக்கு தொடங்கிவிடுகிறது, இரண்டே நாளில் அவள் சொன்னது என்ன என்பது எல்லோருக்கும் மறந்துவிடுகிறது.

எங்கள் பாலக்காட்டில் 2025 ஆகஸ்டில் நடந்ததைச் சொல்கிறேன். தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் மீது பெண்கள் சிலர் குற்றச்சாட்டுகளை முன்வைத்தார்கள். அவர் மறுத்தார். கட்சி அவரை இடைநீக்கம் செய்தது. அதற்கு முன்பே, திருக்காக்கரைத் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் உமா தாமஸ், அவர் சட்டமன்றப் பதவியை விட்டு விலக வேண்டும் என்று வெளிப்படையாகக் கூறினார். சொந்தக் கட்சியினர் பலர் இணையத்தில் அவரைத் தாக்கினார்கள். அவர் கட்சியை விட்டுப் போகவில்லை, வேறு அணியைத் தேடவும் இல்லை. தவறு என்று தமக்குப் பட்டதை, தாம் இருக்கும் இடத்தில் நின்றே சொன்னார். டீச்சர் கேட்ட கேள்விக்கு நான் தரக்கூடிய மிக நல்ல எடுத்துக்காட்டு அதுதான்.

இன்னொன்றும் உண்டு. புகார் விசாரணையாக மாறும் வழியை உறுப்பினர்கள் காட்ட வேண்டும். 2021 ஏப்ரலில், பதவியில் இருப்பவர்கள் மீதான ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக் ஆயுக்தாவின் அறிக்கை வந்த சில நாள்களில் அமைச்சர் கே.டி. ஜலீல் பதவி விலகினார். அந்த அமைப்புக்கு அன்று அத்தகைய வலிமை இருந்தது. பின்னர் 2022இல் பேரவை நிறைவேற்றி, 2024இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற திருத்தத்தால், முதலமைச்சருக்கு எதிரான அறிக்கை பேரவையின் முடிவுக்கும், அமைச்சருக்கு எதிரானது முதலமைச்சரின் முடிவுக்கும், உறுப்பினருக்கு எதிரானது பேரவைத் தலைவரின் முடிவுக்கும் போகிறது. தம் முதலமைச்சர் தவறு செய்தாரா என்று வாக்களிக்கும் நாளில் ஆளுங்கட்சி உறுப்பினர்களுக்குக் கொறடா ஆணை பிறப்பித்தால், அவர்களுள் எவரால் மாற்றி வாக்களிக்க முடியும்? அரசின் ஆயுளையும் கட்சியின் அடிப்படைக் கொள்கையையும் பாதிக்கும் வாக்கெடுப்புகளோடு கொறடா ஆணையை நிறுத்திக்கொள்வது நல்லது என்று கிஹோட்டோ ஹொல்லோஹன் தீர்ப்பே கூறியிருக்கிறது. முறைகேடு பற்றிய வாக்கெடுப்பில் கொறடா ஆணை கூடாது என்று நாம் ஒவ்வொரு வேட்பாளரிடமும் வாக்குறுதி கேட்க வேண்டும்.

பதில்: வண்டிப்பெரியாறு, ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. கொழிஞ்சாம்பாறை அக்கா சொன்ன வாக்குறுதியை எங்கள் வாசகசாலையின் சார்பில் எழுத்தில் கேட்கப் போகிறோம். எங்கள் உறுப்பினர் யாராக இருந்தாலும், தலைமையின் மீது புகார் வந்தால் விசாரணை கேட்பாரா, கேட்டால் நாங்கள் அவரோடு நிற்போமா என்ற இரண்டையும் தோட்டத்துப் பெரியவர்களோடு பேச வேண்டியிருக்கிறது. இரண்டாவதுதான் கடினம். வழக்கறிஞர் ஐயா, பேரவைத் தலைவருக்கு எங்களைப் போன்றவர்கள் நேரடியாக எழுத முடியுமா, அதைத் தமிழில் எழுதலாமா என்று மட்டும் தெரிவியுங்கள்.

பதில்: குமுளி, வழக்கறிஞர்

எழுதலாம், டீச்சர். தகுதிநீக்க மனுவை அவை உறுப்பினர் மட்டுமே கொடுக்க முடியும் என்றிருந்த நிலையை, 2013இல் ஒடிசா வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் மாற்றிவிட்டது; அக்கறையுள்ள எவரும் கொடுக்கலாம். நீங்கள் கேட்கவிருப்பது அதைவிட எளிய கோரிக்கை, அதற்கு எந்தத் தடையும் இல்லை. மொழியைப் பொறுத்தவரை, கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்தோடும் துறைத் தலைவர்களோடும் தமிழிலேயே கடிதம் நடத்த உரிமை தந்திருக்கிறது. பேரவைச் செயலகம் தனி அமைப்பு என்பதால் அங்கே அனுப்பும் கடிதத்தோடு ஒரு மலையாளப் படியையும் இணைத்துவிடுங்கள். அதை நானே எழுதித் தருகிறேன். கையொப்பமிடுபவர்களின் வாக்காளர் அட்டை எண்ணையும் எஸ்டேட்டின் பெயரையும் குறித்து, பதிவு அஞ்சலில் அனுப்பி, ஒப்புகைச் சீட்டை வாசகசாலையில் பத்திரமாக வையுங்கள்.